நாலு ஓட்டைத் தாள்

கார்க் கண்ணாடிக்குக் கூலிங் பேப்பர் ஒட்டினபின் மிஞ்சுகிற தாளை என்ன செய்வார்கள், சொல்லுங்கள்? குப்பையில்தான் போடுவார்கள். தாராபுரத்தில் ஒரு கடையில் தாள் ஒட்டுகிற செங்கமலம் மட்டும் மிச்சத்தை மடிக்காமல் குழாயில் சுற்றி, வண்டி நம்பரை எழுதி, நிழலில் நிறுத்திவைப்பாள்.

ஒருநாள் மில் முதலாளி வெள்ளியங்கிரி டிரைவரோடு காரில் வந்து கத்தினார். "மூணே மாசத்துல ஒரு கதவுல கொப்புளம்! மட்டமான தாளை ஒட்டி ஏமாத்தியிருக்கா. இவளை இப்பவே வேலையை விட்டு அனுப்புங்க."

கடைக்காரர் தலைகுனிந்து நின்றார். செங்கமலம் அந்த வண்டியின் மிச்சத் தாளைக் கொண்டுவந்து விரித்தாள். நாலு கதவுக்கும் வெட்டியெடுத்த நாலு ஓட்டைகள் அதில் இருந்தன.

"நாலையும் ஒட்டுறப்ப இந்த டிரைவரண்ணன்தான் கதவைப் பிடிச்சாருங்க. மூணு கதவுல இதே நிறம்தான் இருக்குது; கொப்புளம் வந்த கதவுல மட்டும் வேற நிறம். நான் ஒட்டின நாலாவது தாள் எங்க போச்சுங்கய்யா?"

டிரைவர் மெல்லச் சொன்னார்: "போன மாசம் ஐயா மகன் சின்னவரு வண்டியை இடிச்சதுல அந்தக் கண்ணாடி உடைஞ்சிருச்சுங்க. வேற கடையில மாத்தி, அங்கயே தாளும் ஒட்டினோமுங்க."

செங்கமலம் தாளின் ஓரத்தை அளந்தாள். இன்னொரு கதவுக்குப் போதுமானதாக இருந்தது. சோப்புத் தண்ணீரை எடுத்துவந்தாள்.

"ஐயா, காத்துல கதவு ஆடுது. ஒட்டி முடிக்கிற வரைக்கும் இந்தத் தடவை நீங்க பிடிச்சுக்குங்க."