நாளைக்கான பனிக்கட்டி

“அம்மா, ஐஸ் இயந்திரம் நின்றுவிட்டது. நாளை யார் யார் சாகப் போகிறார்களோ” என்றார் ஆளவந்தார்.

மங்கையர்க்கரசி அம்மை பானகத்துக்காக நன்னாரி வேரைத் தட்டிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

மலையடிவாரத்தில் இருந்தது அவருடைய மடம். சித்திரை வெயிலில் பாதயாத்திரை வருவோரில் சிலர் அதன் வாசலில் சுருண்டு விழுவார்கள். உடல் நெருப்பாய்க் கொதிக்கும், பேச்சு குழறும்.

அவர்களைக் குளிர்விப்பதற்கென்றே அன்பர் ஒருவர் பெரிய குளிர்பதனப் பெட்டி ஒன்றை அளித்திருந்தார். குழாய்வழியே தண்ணீரை இழுத்து, தானே உறையவைத்து, கீழே உள்ள தட்டில் தானே உதிர்க்கும் பெட்டி. அதன் பொறுப்பும் வாசற்கதவின் பொறுப்பும் ஆளவந்தாருடையவை.

அவர் தம் குருவான அம்மையைவிட மூத்தவர். நூற்பாலை ஒன்றின் பண்டகசாலையைக் காத்து, ஓய்வுபெற்ற பின் சீடரானவர். சென்ற ஆண்டு பனிக்கட்டி தீர்ந்துபோன ஒரு பிற்பகலில், யாத்திரிகர் ஒருவர் அவர் மடியிலேயே உயிர்விட்டார். அந்தத் தலையின் சூடு இன்னும் அவர் தொடையில் இருந்தது.

என்னென்ன பார்த்தீர்கள் என்று அம்மை கேட்டார்.

எல்லாம் பார்த்தாயிற்று என்றார் அவர். குழாய் எங்கும் மடங்கவில்லை. வடிகட்டி புதியது. உறையும் குளிருக்குக் குறைவில்லை. மின்சாரத்தை நிறுத்திப் போட்டும் பயனில்லை. பழுதுபார்ப்பவரோ, திருவிழா முடிந்துதான் மலைப்பக்கம் வரமுடியும் என்று சொல்லிவிட்டார்.

“தட்டில் ஐஸ் இருக்கிறதா?”

“நிறைய இருக்கிறது, அம்மா. ஆனால் அது நாளைக்கு. நாளை வரும் கூட்டத்துக்கு அது போதாது.”

பயம் வந்த மனிதன் சோம்பியிருப்பதில்லை. மற்றவரைவிட அதிகமாக உழைக்கிறான். ஆளவந்தாரும் உழைத்தார். சில நாட்களாகவே தட்டிலிருந்து ஒரு துண்டைக்கூட வெளியே விடவில்லை. தட்டில் கும்பமாகக் குவிந்ததும், மின்சாரம் போனாலும் கரையக் கூடாதென்று, கோணிச் சாக்கை மடித்து அதன்மேல் போர்த்திவைத்தார்.

சமையற்கட்டில் வேலை செய்யும் வடிவு, பிசகிய காலுக்கு ஒத்தடம் கொடுக்கத் துண்டு ஐஸ் கேட்டிருந்தாள். அவர் மறுத்துவிட்டார்.

“சரிங்கய்யா. ஒரு மணி வாங்கித் தாரேன். அந்த ஐஸுக்கு ஆட்டிப் பூசை பண்ணுங்க” என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போனாள்.

வாசலில் அழுகுரல் கேட்டது.

கூட்டம் நாளைதான் வர வேண்டும். ஆனால் ஒரு கணவனும் மனைவியும் முந்திக்கொண்டு வந்திருந்தனர். கணவரை வழிப்போக்கர் இருவர் தூக்கிவந்து நிழலில் கிடத்தினார்கள். மனைவி தலையில் கைவைத்தபடி நின்றாள்.

“எங்கூட்டுக்காரரு என்னையப் பாத்து நீ யாருன்னு கேக்கறாரு, சாமி.”

ஐஸ் கொண்டுவரும்படி அம்மை சொன்னார்.

ஆளவந்தார் உள்ளே போய் வந்தார். கையில் ஒரு டம்ளர். அதில் பாதிக்குப் பனிக்கட்டி.

அம்மை டம்ளரைப் பார்த்தார்.

தண்ணீர் தெளித்து விசிறினால் இவர் தேறிவிடுவார் என்றார் ஆளவந்தார். நாளை இவரைவிட மோசமானவர்கள் வருவார்கள், அப்போது கை விரிக்க நேரும் என்றார்.

அம்மை அவருடைய கையைப் பிடித்து இழுத்து, கிடந்தவரின் நெற்றியில் வைத்தார்.

“இந்தச் சூடு இன்றையதா, நாளையதா?”

ஆளவந்தார் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

சாக்கை எறிந்துவிட்டுத் தட்டையே உருவிக்கொண்டு வந்தார். ஈரத்துணிகளில் பனிக்கட்டியை முடிந்து கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைத்தார்கள். கரையக் கரைய மாற்றினார்கள். வடிவு இடைவிடாமல் விசிறினாள். ஒவ்வொரு பிடி அள்ளும்போதும் ஆளவந்தாருக்கு நாளைய முகம் ஒன்று மறைந்துபோவதுபோல் இருந்தது. ஆயினும் அள்ளினார்.

தட்டில் தண்ணீர் மட்டும் மிஞ்சியபோது, கிடந்தவர் கண்ணைத் திறந்தார்.

“சிவகாமி, என் செருப்பு எங்க?”

“யாத்திரைக்குச் செருப்பா போட்டுட்டு வந்தீங்க?” என்று மனைவி அவரைத் திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள்.

காலித் தட்டை எடுத்துக்கொண்டு ஆளவந்தார் உள்ளே போனார். அதைப் பெட்டிக்குள் தள்ளும்போது அவர் கை நின்றது.

இயந்திரத்தின் பக்கத்தில் மெல்லிய கம்பி ஒன்று இருந்தது. தட்டு நிறைந்தால் பனிக்கட்டியில் தட்டி மேலே எழும். எழுந்தால், போதும் என்று இயந்திரம் நின்றுவிடும். இத்தனை நாளும் குவியலும் சாக்கும் அதைத் தூக்கிப் பிடித்திருந்தன. இப்போது அது காலித் தட்டுக்குள் தாழ்ந்து கிடந்தது.

உள்ளே எங்கோ தண்ணீர் விழத் தொடங்கியது.

வெகுநேரம் கழித்தே அவர் வெளியே வந்தார்.

“அம்மா, அதில் ஒரு பழுதும் இல்லை. நான்தான்…”

உடனே மீண்டும் அந்தப் பழைய பயம் அவர் குரலில் ஏறியது.

“ஆனால் தட்டு இப்போது காலி. உறைய நேரமாகும். அதற்குள் இன்னொருவர் வந்துவிட்டால்?”

அம்மை அவரைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தார். யாத்திரைக் காலம் முழுதும் அகலத் திறந்திருக்க வேண்டிய கதவு, பாதி சாத்தியிருந்தது.

“ஆளவந்தார், அந்தக் கதவைச் சாத்தியது யார்?”