ஆறாவது ஆணி

“அம்மா, நீங்க சொன்ன மாதிரியே வீட்டை ஒழுங்கு பண்ணிட்டேன். ஆனா அவரு அந்த வீட்டுல இருக்க மாட்டேங்கறாரு.”

இதைச் சொல்லி முடிப்பதற்குள் தைலம்மைக்கு மூச்சு வாங்கியது. அறுபத்து மூன்று வயதில், பனிமூட்டத்துக்குள் ஒரு மைல் ஏறி வந்திருந்தாள்.

கேட்டுக்கொண்டிருந்த செவந்தியம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. பிறவியிலேயே பார்வை கிடையாது. தேன்பாறை உச்சியில், ஒரே ஓர் அறை உள்ள வீட்டில் தனியாக இருந்தாள். அவளிடம் யோசனை கேட்க மலை ஊர்களிலிருந்தெல்லாம் ஆள் வரும். வந்தவர்களுக்கு அவள் டீ போட்டுக் கொடுப்பாள். பாதிப் பேர் டீயைக் குடித்துவிட்டு, வந்த காரியத்தை மறந்து இறங்கிப் போய்விடுவார்கள்.

தைலம்மை அப்படி மறக்கிற ரகம் இல்லை.

“எங்க போகணுங்கறாரு?” என்று கேட்டாள் செவந்தியம்மா.

“கீழ டவுன்ல ஒரு இல்லம் இருக்காம். கண்ணு தெரியாத வயசானவங்களைப் பார்த்துக்குவாங்களாம். நாளைக்குக் காலையில மாப்பிள்ளை ஜீப் கொண்டுவர்றாரு. மனுஷன் இப்பவே பையைக் கட்டி மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு.”

மனுஷன் என்றால் சோலையப்பன். அவள் கணவர். முப்பத்து நான்கு வருஷம் லாரி ஓட்டியவர். போன வருஷம் மங்க ஆரம்பித்த பார்வை, மூன்று மாசத்துக்கு முன் முழுசாகப் போய்விட்டது. இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவர் இல்லாத வீட்டில் தான் மட்டும் எழுந்து, தான் மட்டும் சாப்பிட்டு, தான் மட்டும் படுப்பதைத் தைலம்மை நினைத்துப் பார்த்தாள். பயமாக இருந்தது. பயந்துபோய்த்தான் மலை ஏறினாள்.

“என்னென்ன செஞ்சீங்க?”

அந்தக் கேள்வி வந்ததும் தைலம்மைக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. வீட்டு வேலையைப் பற்றிப் பேசினால் அவளுக்கு எப்போதுமே தெம்பு வரும்.

“மேசை முனை, கட்டில் முனை எல்லாத்துலயும் ஸ்பாஞ்ச் வச்சு ஒட்டிட்டேன். கட்டில்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் கயிறு கட்டியிருக்கேன். வழியில ஒரு துரும்பு கிடக்காது. தட்டுனா விழற சாமான், விழுந்தா உடையற சாமான், எல்லாத்தையும் பெட்டியில போட்டுப் பரண்ல ஏத்திட்டேன். வீடு துடைச்சு விட்ட மாதிரி இருக்கும்மா.”

“அவரு என்ன செய்றாரு?”

“கட்டில்ல உட்கார்ந்திருக்காரு.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான்.”

வாசல் கதவு திறந்தே கிடந்தது. பனி உள்ளே வந்து, தெரிந்த வீட்டுக்கு வந்த ஆள் போல அறையின் நடுவில் நின்றது.

செவந்தியம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். கை நீண்ட இடத்தில் டீத்தூள் டப்பா இருந்தது. அடுத்து நீண்ட இடத்தில் ஏலக்காய் இருந்தது. எதையும் தேடவில்லை. எல்லாமே அவளுக்காகக் காத்திருந்த மாதிரி இருந்தது.

அவள் கட்டியிருந்த சேலையைத் தைலம்மை பார்த்தாள். பட்டுக்கரை போட்ட, நெல்லிக்காய் நிறச் சேலை. செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணி. ஒரு விசேஷமும் இல்லை. தைலம்மை வீட்டில் அந்தச் சேலை இருந்திருந்தால் அது பீரோவைத் தாண்டி வெளிச்சத்தைப் பார்த்திருக்காது.

அடுப்புக்கு மேலே சுவரில் வரிசையாக ஆறு ஆணிகள். நான்கில் பீங்கான் கோப்பைகள் தொங்கின. இரண்டு ஆணிகள் சும்மா இருந்தன.

“மீதி ரெண்டு கோப்பை எங்கம்மா?”

“குடிச்சாச்சு.”

“டீயைக் கேக்கலை. கோப்பையைக் கேக்கறேன்.”

“நானும் அதைத்தான் சொல்றேன். குடிச்சாச்சு.”

ஞானிகளிடம் வந்தால் இதுதான் தொல்லை என்று தைலம்மை மனசுக்குள் நொந்துகொண்டாள். ஆனால் டீ நன்றாக இருந்தது. கோப்பை அதைவிட நன்றாக இருந்தது. வெங்காயத் தோல் போல மெலிசு. உதட்டில் பட்டதே தெரியவில்லை.

“எங்க வீட்டுலயும் இந்த மாதிரி ஆறு இருக்கு” என்றாள். “கல்யாணமான புதுசுல அவரு வடக்கே லோடு கொண்டுபோனப்ப வாங்கிட்டு வந்தது. வைக்கோல் சுத்தி, பெட்டியில போட்டு, பக்கத்து சீட்டுலயே உட்காரவச்சுக் கூட்டிட்டு வந்தாரு. கிளீனர் பாவம், மூணு நாளா மேல சுமையில குந்திக்கிட்டே வந்தான்.”

“எப்படி இருக்கும்?”

“வெள்ளை. ஓரத்துல ஒரு கொடி ஓடும்.”

“கொடி பச்சையா, நீலமா?”

தைலம்மை வாயைத் திறந்தாள். பச்சை என்று சொல்ல வந்தாள். நீலம் என்று தோன்றியது. மறுபடி பச்சை என்று தோன்றியது.

“ஞாபகம் வரலை” என்றாள். அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

“எத்தனை தடவை அதுல குடிச்சிருக்கீங்க?”

“எங்கம்மா குடிச்சது? மக கல்யாணத்துக்கு எடுக்கலாம்னு பார்த்தேன். அவ்வளவு கூட்டத்துல எவனாவது போட்டு உடைச்சிட்டா? மாப்பிள்ளை விருந்துக்கு எடுக்கலாம்னு பார்த்தேன். அவரு கை கொஞ்சம் முரட்டுக் கை. அப்படியே இருந்துடுச்சு. பத்திரமா இருக்கு.”

“இப்ப அவரு எதுல டீ குடிக்கறாரு?”

“மூடி போட்ட பிளாஸ்டிக் டம்ளர். உறிஞ்சிக் குடிக்கலாம். கீழ போட்டாலும் ஒண்ணும் ஆகாது.”

செவந்தியம்மா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பனி வந்த பக்கமாக முகத்தைத் திருப்பினாள்.

“இந்தப் பனியில எப்படிக்கா வந்து சேர்ந்தீங்க?”

“அதை ஏன் கேக்கறீங்க. என் கையே எனக்குத் தெரியலை. இடது பக்கம் முள்வேலி இருக்குல்ல, அதைத் தொட்டுக்கிட்டே வந்தேன். வேலி முடிஞ்ச இடத்துல ஊத்துத் தண்ணி சத்தம். அதைத் தாண்டினா பலாப்பழ வாசனை. அப்புறம் உங்க வாசப்படி கால்ல தட்டிடுச்சு. பார்த்தா வந்துட்டேன்.”

“ம்” என்றாள் செவந்தியம்மா.

தைலம்மை காத்திருந்தாள்.

“அம்மா, நான் என்னதான் செய்யட்டும்? அவரு போகாம இருக்கணும்.”

“போய் ஒரு டீ போட்டுக் குடுங்க.”

“அதைத்தான் தினமும் ரெண்டு வேளை குடுக்கறேனே!”

“நீங்க குடுக்கறது மருந்து, அக்கா. டீ இல்லை.” செவந்தியம்மா எழுந்தாள். “அந்தக் கோப்பையைக் கழுவி மாட்டிட்டுப் போங்க.”

தைலம்மை அதை மெல்லக் கழுவினாள். பார்த்துப் பார்த்து ஆணியில் மாட்டினாள். மாட்டிய பிறகும் அது தொங்கி நிற்கும்வரை கையை எடுக்கவில்லை. செவந்தியம்மா பின்னால் நின்று சிரித்தது அவளுக்குக் கேட்டது.

இறங்கும்போதும் பனி விலகவில்லை. பலாப்பழ வாசனை வந்தது. ஊற்றுச் சத்தம் வந்தது. வேலி கையில் பட்டது. ஒவ்வொன்றும் தன் பேரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டு அடுத்ததிடம் ஒப்படைத்தது.

மதியம் வீட்டுக்கு வந்து வாசலில் நின்று உள்ளே பார்த்தாள்.

சுத்தமாக இருந்தது. ஒரு துரும்பு இல்லை. வேலியும் இல்லை, ஊற்றும் இல்லை, வாசனையும் இல்லை. நடுவில் ஒரு கட்டில். அதன்மேல், மடியில் பையோடு சோலையப்பன்.

“தைலு, ஜீப் வந்துடுச்சா?”

“இன்னிக்கு இல்லைங்க. நாளைக்குத்தான்.”

“நாளைக்கா” என்றார். பையைக் கொஞ்சம் இழுத்து அணைத்துக்கொண்டார்.

நாமே இவரை ஜீப்புக்குக் காத்திருக்கிற சாமானாக ஆக்கிவிட்டோம் என்று நினைத்தாள்.

ஸ்டூலைப் போட்டு ஏறினாள். பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். மேலே இருந்த பழைய பேப்பர் தொட்டதும் பொடிந்தது. அதற்கு அடியில் வைக்கோல். அவர் சுற்றிக்கொண்டுவந்த அதே வைக்கோல். முப்பத்தெட்டு வருஷமாக அதைக்கூட அவள் பிரிக்கவில்லை.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. “வைக்கோல் வாசனை வருதே. மாடு ஏதும் உள்ள வந்துடுச்சா?”

“மாடெல்லாம் இல்லை. பேசாம இருங்க.”

அவர் பேசாமல் இருந்தார். ஆனால் தலையைத் திருப்பிக் காற்றை மோந்துகொண்டிருந்தார். மூன்று மாசமாக அவர் எந்தப் பக்கமும் தலையைத் திருப்பியதில்லை.

ஆறு கோப்பைகளையும் கழுவித் துணியில் கவிழ்த்தாள். அப்புறம் அம்மிக் குழவியை எடுத்தாள். ஆணி டப்பாவையும் எடுத்தாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த வீட்டுச் சுவரில் ஒரு ஆணிகூடக் கிடையாது. சட்டையைக் கழற்றி மாட்ட ஒரே ஒரு ஆணி வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து சோலையப்பன் கேட்டுக்கொண்டிருந்தார். சுவர் காரை பெயர்ந்துவிடும், சட்டையை மடித்து பீரோவில் வைப்பதுதான் அழகு என்று தைலம்மை விடவே இல்லை. ஒரு லாரியையே அடக்கி ஓட்டிய மனுஷன், ஒரு ஆணிக்கு வழியில்லாமல் காலத்தை ஓட்டியிருந்தார்.

டங். டங்.

“யாரது? யாரு நம்ம சுவத்துல ஆணி அடிக்கறது?”

“நான்தான்.”

“நீயா?”

“நானேதான்.”

சோலையப்பன் சத்தம் வந்த பக்கம் திரும்பினார். “தைலு, உனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

ஆறு ஆணிகள், ஆறு கோப்பைகள். காரை கொஞ்சம் உதிர்ந்தது. அவள் அதைக் கூட்டித் தள்ளிவிட்டு ஏலக்காய் தட்டிப் போட்டு டீ வைத்தாள். ஒரு கோப்பையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

கொடி பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. வெள்ளையின் மேலேயே வெள்ளையாக, தடவினால் மட்டும் தெரிகிற மாதிரி ஓடியது.

கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். பிளாஸ்டிக் டம்ளரை வாங்குகிற மாதிரி அசட்டையாக வாங்கினார். வாங்கிய கை நின்றுவிட்டது. கட்டைவிரல் மெதுவாக ஓரத்தில் நடந்தது. கைப்பிடிக்கு மேலே ஒரு சின்ன இலை இருந்தது. விரல் அங்கே வந்து உட்கார்ந்தது.

“பக்கத்து சீட்டுல வந்த ஆளுங்க” என்றார்.

“ஆமா.”

“வெள்ளைக் கொடி. கடைக்காரன் பூப்போட்டது நல்லா இருக்கும்னான். நான்தான் இதை எடுத்தேன். ராத்திரி வண்டியை நிறுத்தினா, இருட்டுல தடவிப் பார்த்துக்குவேன்.” இலையை விரலால் தடவினார். “நீ ஒரு நாளும் எடுக்கலை. உனக்குப் பிடிக்கலைபோலன்னு விட்டுட்டேன்.”

“அய்யோ” என்றாள் தைலம்மை.

அவர் குடித்தார். மெதுவாக, ஒரு வாய்க்கும் இன்னொரு வாய்க்கும் நடுவில் கோப்பையைத் தடவிக்கொண்டு குடித்தார். ஜன்னலில் பனி வந்து நின்று பார்த்தது. டீயின் ஆவியும் பனியும் ஒன்றோடு ஒன்று கலந்தன. வீட்டில் வைக்கோல், ஏலக்காய், ஈரக் காரை என்று மூன்று வாசனைகள் மூன்று மூலையிலிருந்து வந்தன.

“எங்க மாட்டியிருக்கே?”

“அடுப்புக்கு மேல.”

அவர் மடியிலிருந்த பையைக் கட்டிலில் வைத்துவிட்டு, காலிக் கோப்பையோடு எழுந்தார். கயிற்றைத் தொடவில்லை. ஏலக்காய் வாசனை வந்த பக்கமாக ஏழு அடி எடுத்து வைத்தார். சுவரைத் தடவினார். முதல் ஆணி, இரண்டாவது ஆணி என்று ஒவ்வொரு கோப்பையாகத் தொட்டு எண்ணிக்கொண்டே போனார். கடைசி ஆணி காலியாக இருந்தது.

தைலம்மை எழுந்து ஓடிப்போய் வாங்கிவிடத்தான் துடித்தாள். கட்டிலின் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவர் கோப்பையை மாட்டினார்.

ஆணிக்கு ஒரு விரற்கடை தள்ளி மாட்டினார்.

அந்தச் சத்தம் சின்னதாகத்தான் இருந்தது. வீடு முழுக்கக் கேட்டது.

சோலையப்பன் அசையாமல் நின்றார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. முகம் சுருங்கிப்போனது. முப்பத்தெட்டு வருஷம் பத்திரமாக இருந்ததை ஒரு நாளில் உடைத்துவிட்டார்.

“அதுக்குத்தான் சொன்னேன்” என்றார். “என்னை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடு.”

தைலம்மைக்கு வயிற்றிலிருந்து ஒரு கூச்சல் கிளம்பித் தொண்டைவரை வந்தது. அது பழகிப்போன கூச்சல். அங்கேயே நின்றது. அவள் சுவரைப் பார்த்தாள். இதே மாதிரி காலி ஆணியை, வேறொரு வீட்டுச் சுவரில், காலையில்தான் பார்த்திருந்தாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது.

“நகராதீங்க. கால்ல குத்தும்.”

துடைப்பத்தை எடுத்துச் சில்லுகளைக் கூட்டி அள்ளினாள். ஐந்தாவது ஆணியிலிருந்த கோப்பையை எடுத்தாள். பாத்திரத்தில் மீதி இருந்த டீயை அதில் ஊற்றி, நீட்டியிருந்த அவர் கையில் வைத்தாள்.

“உடைஞ்சுபோச்சு, இல்ல?”

“இல்லைங்க. குடிச்சாச்சு.”

அவர் அதைப் பற்றி யோசித்தார். இலை இருக்கிற இடத்தை விரல் தேடிக் கண்டுபிடித்தது. ஒரு வாய் குடித்தார்.

“எத்தனை மிச்சம்?”

“அஞ்சு.”

“அப்ப ஒரு ஆணி சும்மாத்தானே இருக்கும்?”

“ஆமா.”

“அந்தப் பையைப் பிரிச்சு, என் சட்டையை எடுத்து அதுல மாட்டு.”