தளவாய் வீட்டு ஆட்டுக்கறி

வேழங்கோட்டையை ஆண்ட பூவணப்ப ராஜாவுக்குக் குத்துச்சண்டைப் பைத்தியம். அம்மன் கொடைக்கு ஊரே காப்புக் கட்டிய ஐந்தாம் நாள், அரண்மனை வாசலில் சண்டை நடக்கும். ஜெயித்தவன் அரண்மனைப் பயில்வான். தோற்றவன் மறுநாளே குடும்பத்தோடு கோட்டையை விட்டு வெளியேற வேண்டும். போதை தின்றுவிட்டு இறங்கியவனுக்கு இரண்டு வருஷம் கோதா கிடையாது, வெற்றியும் எதிராளிக்குப் போய்விடும் என்று ஒரு சட்டமும் இருந்தது. ஏழைப் பயில்வான்கள் மேல் அது நன்றாகவே பாய்ந்தது.

அந்த வருஷம் தளவாய் உடையணப்பரின் மகளைக் கட்டிய கட்டாரிமுத்து, உப்பளத்து முத்திருளனை அடித்து நொறுக்கினான். முத்திருளன் விட்ட குத்து ஒன்றுகூட அவனுக்கு வலிக்கவில்லை. தன் மூக்கு உடைந்து ரத்தம் கொட்டும்போதும் இளித்துக்கொண்டு நின்றான், வெட்கங்கெட்டவன்.

அரண்மனை வைத்தியர் வழக்கப்படி அவனுடைய சிறுநீரைக் கிண்ணத்தில் பிடித்து, நல்லெண்ணெய் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். கஞ்சா லேகியம், அதுவும் கொஞ்சநஞ்சமில்லை என்று சபையில் சொல்லிவிட்டார்.

தளவாய் அசரவில்லை. "என் மருமகன் லேகியத்தைக் கண்ணால் கண்டதில்லை. மூன்று நாளாக எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி. அந்த ஆடு மலையடிவாரத்தில் கஞ்சாச் செடியை மேய்ந்திருக்கிறது. ஆடு செய்த தப்புக்கு வீரன் என்ன செய்வான்?"

சபை முழுக்கத் தலையாட்டியது. படையை வைத்திருப்பவர் சொன்னால் எந்த ஆடும் எதையும் மேயும். ராஜாவும் விடுதலை ஓலை எழுதும்படி ராயசம் ஆவுடைநாயகத்துக்குக் கை காட்டினார். வெளியே முத்திருளன் வண்டியில் பானை சட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான்.

ஆவுடைநாயகம் எழுத்தாணியை எடுத்தார். பயில்வான் அம்மன்மேல் ஒரு சத்தியம் செய்தால் எழுதிவிடலாம் என்றார்.

கட்டாரிமுத்து மஞ்சள் கயிறு கட்டிய வலது கையைத் தூக்கினான். "அம்மன்மேல் ஆணை. மூன்று நாளும் வயிறு முட்ட ஆட்டுக்கறி தின்றேன்."

ஆவுடைநாயகம் எழுதி முடித்து உரக்கப் படித்தார். "லேகியக் குற்றம் இல்லை. காப்புக் கட்டிய கையால் கறி தின்ற குற்றம் உண்டு. அதற்கு வழக்கப்படி மொட்டை, கழுதை ஊர்வலம், ஆயுள் முழுக்கக் கோதா இல்லை. சமைத்துப் போட்ட வீட்டுக்காரருக்கும் அதே கழுதை. நம்மிடம் இருப்பது ஒன்றுதான். மாமனாரும் மருமகனும் முன்னும் பின்னுமாக உட்கார்ந்துகொள்ளலாம்."

மூன்று வேளையும் கறி வேகிற வீடு. பொய் ஜோடித்தபோது காப்பு யாருக்கும் நினைவு வரவில்லை.

கட்டாரிமுத்து தடாலென்று ராஜா காலில் விழுந்தான். "கறியைத் தொடவே இல்லை மகாராஜா. லேகியம்தான் தின்றேன். நெல்லிக்காய் அளவு."

"குறைத்துச் சொல்கிறான்," என்று தளவாய் பதறினார். "எலுமிச்சம்பழ அளவு. நானே உருட்டிக் கொடுத்தேன்."

"இவ்வளவு கெஞ்சிக் கேட்கிறார்கள்," என்றார் ஆவுடைநாயகம். "அந்த இரண்டு வருஷத்தைக் கொடுத்துவிடுங்கள் மகாராஜா."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தளவாய் பதவியும் அன்றே பறிபோனது. முத்திருளன் பானை சட்டிகளை இறக்கினான்.

தளவாய் வீட்டுப் பட்டியிலேயே கொழுத்த ஆடு ராயசத்துக்குப் பரிசு என்றார் ராஜா.

"காப்பு அவிழ்ந்ததும் வாங்கிக்கொள்கிறேன்," என்றார் ஆவுடைநாயகம். "அதுவரை அது என்ன மேய்கிறது என்று தளவாய் கூடவே நின்று பார்த்துக்கொள்ளட்டும்."