மூன்று நாள் வைரம்

அநியாயம் நடந்தது கோமளவல்லிக்கு. மூக்குக் குத்தி, துளை மூடாமலிருக்க வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு, கல்யாணத்துக்குள் வைர மூக்குத்தி வந்துவிடும் என்று காத்திருந்தாள். கல் வாங்கப் போனவர்களோ அவளுடைய மூன்று அண்ணன்மார். மூக்கு அவளுடையது, கடைக்கு வா என்று அவளை ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. இது எந்த ஊர் நியாயம்? அரைக்கிணற்றூர் நியாயம்.

கடைக்காரர் கல்லைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். "மூணு நாள் வீட்டுல வச்சிருங்க. நல்லது நடந்தா ராசியான கல்லு, வாங்கிக்குங்க. கெட்டது நடந்தா திருப்பிக் கொடுத்துடுங்க."

முதல் நாள் பெரியண்ணன் முற்றத்தில் வழுக்கி விழுந்தார்.

"கெட்டதுதான். விழுந்தவன் நான்!" என்று முனகினார்.

"ஒருத்தர் விழுந்தீங்க. ரெண்டு பேர் வயிறு குலுங்கச் சிரிச்சோமே?" என்றான் நடு அண்ணன்.

பெரியண்ணன் இடுப்பைத் தடவியபடி யோசித்தார். நல்லது என்று தீர்ப்பாயிற்று.

இரண்டாம் நாள் பால் பொங்கி அடுப்பை அணைத்தது.

"கெட்டது," என்றார் பெரியண்ணன்.

"பொங்கலன்னிக்குப் பொங்கினா குலவை போடுறோமே?"

"இன்னைக்குப் பொங்கல் இல்லையேடா."

"பாலுக்குத் தேதி தெரியுமா, அண்ணே?" என்றான் சின்னண்ணன். மூவரும் குலவை போட்டார்கள்.

மூன்றாம் நாள் பெரியண்ணன் உத்தரவு போட்டார்: "நாமளா எதையாவது செஞ்சு கெடுத்தா, பழி கல்லு மேல விழும். யாரும் அசையக் கூடாது."

கல்லை நடுவில் வைத்து மூவரும் சுற்றி உட்கார்ந்தார்கள். கோமளவல்லி ஆசாரியைப் பார்த்து, மூக்குத்திக்கு அளவு கொடுக்கப் போயிருந்தாள். பட்டப்பகலில் ஒரு திருடன் உள்ளே வந்தான். மூவரையும் பார்த்துத் திடுக்கிட்டான். கொஞ்சம் காத்திருந்தான். பிறகு கல்லை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, வாசலில் கிடந்த பெரியண்ணனின் புதுச் செருப்பையும் மாட்டிக்கொண்டு, சாவகாசமாகப் போனான்.

திரும்பி வந்த கோமளவல்லி கொதித்துப் போனாள். "மூணு தடியன்கள் இருந்தும் ஒருத்தருக்குக் கத்தத் தோணலையா?"

"கத்தினா வாய் அசையுமே," என்றான் சின்னண்ணன்.

"கல்யாணத்துக்கு அஞ்சு நாள்தான் இருக்கு. என் மூக்குக்கு ஒரு பதில் சொல்லுங்க!"

பெரியண்ணன் வெறுங்காலோடு எழுந்து, முகமெல்லாம் மலரச் சொன்னார்:

"ஏம்மா கலங்குறே? எடுத்த உடனே அவனுக்குப் புதுச் செருப்பு கிடைச்சுதே! ராசியான கல்லுதான் கோமளா, அதையே வாங்கிடலாம்."