தோளில் ஒரு கை

“அவன் தட்டுனானுங்க, மாஸ்டர்.”

சென்னியப்பனின் இடது கண் வீங்கி மூடியிருந்தது. உதட்டில் தையல் போட்டிருந்தார்கள். முந்தின நாள் கோயம்புத்தூரில் நடந்த கூண்டுச் சண்டையில் தோற்றுவிட்டு, விடிந்ததும் நேராகப் பயிற்சிக்கூடத்துக்கு வந்திருந்தான்.

கோகிலா மாஸ்டர் பாய்களை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“தெரியும்ணா.”

“நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“ரெஃப்ரி பாக்கலீங்களே!”

“அவரு அந்தப் பக்கம் நின்னுட்டாரு.”

திருப்பூரில் ஒரு பனியன் கிடங்குக்கு மேல் மாடியில் இருந்தது அந்தப் பயிற்சிக்கூடம். மாஸ்டருக்கு இருபத்தெட்டு வயது. சீடனுக்கு முப்பத்தைந்து. ஒரு பெண்ணை, அதுவும் வயதில் சின்னவளை, மாஸ்டர் என்று கூப்பிடலாமா என்ற சந்தேகம் புதிதாக வருகிறவர்களுக்கு வருவதுண்டு. முதல் நாளே தரையில் மல்லாந்து கிடந்து யோசித்துப் பார்க்க அவர்களுக்கு வேண்டிய அவகாசம் கிடைத்துவிடும்.

குத்து, உதை, மல்யுத்தம், கழுத்தையோ கையையோ நெருக்கிப் பிடிக்கிற பூட்டு எல்லாம் கலந்த சண்டையை அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். பூட்டில் மாட்டியவன் கையால் தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டான் என்று அர்த்தம். பயிற்சியில் தட்டிய கணமே விட்டுவிட வேண்டும். கூண்டுக்குள் அப்படியில்லை. நடுவர் வந்து தோளில் கை வைத்தால்தான் சண்டை முடிந்தது. அதுவரை விடக் கூடாது.

சென்னியப்பன் விட்டுவிட்டான்.

சேலத்து அருள்ராஜின் கழுத்து அவன் கைக்குள் இருந்தது. அருள்ராஜ் அவன் தொடையில் தட்டினான். இவன் பிடியை விட்டு, தட்டிவிட்டான் பாருங்கள் என்று நடுவருக்குக் கை காட்டினான். கை காட்டிக்கொண்டிருக்கும்போதே தாடையில் குத்து விழுந்தது.

“ஜெயிக்கறதுக்கு என்ன வேணுமுங்க, மாஸ்டர்?”

மாஸ்டர் துணியைப் பிழிந்தார்.

“நீங்களே சொல்லுங்கண்ணா. ராத்திரி பூரா யோசிச்சிருப்பீங்க.”

“கல்நெஞ்சு வேணுமுங்க. என்னோடது வெண்ணெய்ங்க. அவனோட மறுபடி ஒரு சண்டை வெக்கறோம்னு சொல்லியிருக்காங்க. இப்பவே என்னை அங்க அங்கிள்னுதான் கூப்புடறாங்க. அதுலயும் தோத்துட்டா அப்புறம் யாரும் கூப்புட மாட்டாங்க. சாகற வரைக்கும் டெம்போ ஓட்டிக்கிட்டு, நானும் ஒரு காலத்துல சண்டை போட்டேன்னு சொல்லிக்கிட்டுத் திரியணும்.”

“இப்ப என்ன பண்ணணும்ங்கறீங்க?”

“தட்டுனாலும் விடாம இருக்கச் சொல்லிக் குடுங்க.”

“சரி,” என்றார் மாஸ்டர். “கல்லாக்கிடலாம்.”

அன்று சாயங்காலம் எல்லோரும் வந்து சேர்ந்ததும் மாஸ்டர் கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

“இன்னையிலேர்ந்து சென்னியப்பண்ணா யாரு தட்டுனாலும் விட மாட்டாரு. அவரோட பூட்டுப் பழக யாரு வர்றீங்க?”

மற்ற நாளில் இப்படிக் கேட்டால் அடிதடியாகிவிடும். சென்னியப்பனோடு பழகத்தான் எல்லோருக்கும் ஆசை. ஒரு விரல் அசைந்தாலே விட்டுவிடுவான். விட்டபிறகு, “வலிக்குதுங்களா?” என்று கேட்டு, கழுத்தைத் தடவிக் கொடுப்பான். ஐ.டி. கம்பெனிப் பெண்ணும் வருவாள், ஐம்பது வயது வக்கீலும் வருவார். நம்பிக் கழுத்தைக் கொடுப்பார்கள்.

இன்றைக்கு யாரும் வரவில்லை.

வக்கீல் தண்ணீர் குடிக்கப் போனார். சென்னியப்பனின் உயிர் நண்பன் ரஃபீக், அவன் டிபனில் பாதியைத் தின்கிறவன், குனிந்து ஷூ லேஸ் கட்ட ஆரம்பித்தான். பாயில் யாரும் ஷூ போடுவதில்லை.

மூலையில் மணல் அடைத்த பயிற்சிப் பொம்மை ஒன்று கிடந்தது. அன்றைக்கு முழுக்க சென்னியப்பன் அதன் கழுத்தை நெரித்தான். பொம்மை தட்டவே இல்லை. அவன் விடவும் இல்லை.

மறுநாளும் அதே பொம்மைதான். அதற்கு மறுநாள் அவன் பொம்மையைச் சுவரோரம் சாத்திவிட்டு மாஸ்டரிடம் போனான்.

“வேண்டாமுங்க, மாஸ்டர்.”

“எது?”

“இந்தக் கல்லு. ரஃபீக்கு என்கிட்ட வந்து உக்காரவே பயப்படறான். இப்படி ஜெயிச்சு என்னத்துக்குங்க? நான் பழையபடியே இருந்துக்கறேன். தோத்தாத் தோத்துட்டுப் போறேன்.”

அழாத குறையாகச் சொன்னான். சொன்னதும், மாஸ்டர் மெச்சிக்கொள்வார் என்று கொஞ்சம் காத்திருந்தான்.

“தோத்துட்டுப் போறதுன்னா டெம்போவையே ஓட்டியிருக்கலாமேண்ணா,” என்றார் மாஸ்டர். “எதுக்கு என் பாயை அழுக்குப் பண்ணுனீங்க?”

அவன் முகம் சுருங்கிவிட்டது.

மாஸ்டர் கூந்தலை இறுக்கிக் கட்டினார். அவனுக்கு முன்னால், முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

“போடுங்க.”

“மாஸ்டர்…”

“பூட்டைப் போடுங்க. ரஃபீக்கு, இங்க வா. நீதான் ரெஃப்ரி. நான் தட்டுனதும் வந்து அண்ணா தோள்ல கை வை. அண்ணா, அவன் கை வந்தாத்தான் நீங்க விடணும். நான் தட்டுனா விடக் கூடாது.”

சென்னியப்பன் பின்னாலிருந்து கையைச் சுற்றினான். இறுக்கினான்.

மாஸ்டர் தட்டினார்.

அவன் விட்டுவிட்டான்.

“ரஃபீக்கு கை வந்துச்சா?”

“இல்லீங்க.”

“அப்புறம் ஏன் விட்டீங்க?”

“நீங்க தட்டுனீங்களேங்க.”

“மறுபடி போடுங்க.”

போட்டான். தட்டினார். விட்டான்.

“மறுபடி.”

இந்தத் தடவை தட்டுவதற்கு முன்னாலேயே விட்டுவிட்டான். ரஃபீக் சிரித்தான். சென்னியப்பனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“என்ன சிரிப்பு? உனக்கென்ன, சும்மா நிக்கறே. என் கையிலதானடா கழுத்து இருக்குது! மாஸ்டர், இவன் வராட்டி என்ன பண்றதுங்க? வேற பக்கம் பாத்துட்டு இருந்தான்னா? அன்னைக்கு அந்தாளு பாக்கலை இல்லீங்களா? உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?”

ரஃபீக்கின் சிரிப்பு நின்றுவிட்டது.

“நான் இங்கயேதானே நிக்கறேன்ணா,” என்றான் மெதுவாக.

மாஸ்டர் திரும்பி உட்கார்ந்தார். அவன் முகத்தை நேராகப் பார்த்தார்.

“அண்ணா, கூண்டுக்குள்ள நீங்க ஒருத்தர்தான் நல்லவரா?”

மாஸ்டரே தொடர்ந்தார்.

“நாங்க எல்லாரும் உங்க கையில கழுத்தக் குடுக்கறோம். அந்த வக்கீல் சாருக்கு பிரஷர் வேற. நீங்க விடாமப் போயிட்டா என்ன பண்றதுன்னு நாங்க யாராவது ஒரு தடவை கேட்டிருப்பமா?”

அவன் ரஃபீக்கைப் பார்த்தான். ரஃபீக் வேறு எங்கேயும் பார்க்கவில்லை. மாஸ்டரின் கையையே பார்த்துக்கொண்டு, ஓட்டப்பந்தயத்துக்கு நிற்கிறவனைப் போல ஒரு காலை முன்னால் வைத்து நின்றிருந்தான். எப்போதிலிருந்து அப்படி நிற்கிறான் என்பது சென்னியப்பனுக்குத் தெரியாது. இதுவரை அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

“மறுபடி போடுங்கண்ணா,” என்றார் மாஸ்டர்.

போட்டான்.

மாஸ்டர் தட்டினார்.

அவன் கை நடுங்கியது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். விடவில்லை.

தோளில் ஒரு கை விழுந்தது.

விட்டான். விட்டதும் மாஸ்டரின் கழுத்தைத் தடவிக் கொடுத்து, “வலிக்குதுங்களா?” என்று கேட்டான். பிறகு பாயிலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“எப்படிண்ணா இருந்துச்சு?”

“ரொம்ப நேரமா இருந்துச்சுங்க.”

“நான் ஓடியேதாண்ணா வந்தேன்,” என்றான் ரஃபீக்.

மறு சண்டை நாள் வந்தது. அதே கூண்டு, அதே அருள்ராஜ். உள்ளே போகிறதற்கு முன்னால் சென்னியப்பன் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பார்த்தான். மாஸ்டரின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

“மாஸ்டர், அதே ரெஃப்ரிங்க.”

“ஆமா.”

“இவருதானுங்க அன்னைக்குப் பாக்கலை!”

“ஆமாண்ணா.”

“வேற ஆள் போடச் சொல்லலாமுங்களா?”

“நீங்களும் அன்னைக்கு விட்டுட்டீங்க. நான் வேற ஆளத் தேடுனனா?”

மாஸ்டர் அவன் வாயில் பல்காப்பைத் திணித்தார். முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். அந்த அடியில் இருந்த அன்பு அவனுக்கு நன்றாக வலித்தது.

முதல் சுற்றில் அருள்ராஜின் கைதான் ஓங்கியிருந்தது. பழைய தையலைக் குறிவைத்தே குத்தினான். இடைவேளையில் மாஸ்டர் ரத்தத்தைத் துடைத்துவிட்டு, தண்ணீர் கொடுத்தார். ஜெயிப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் சுற்றில் அருள்ராஜ் ஓங்கி விட்ட குத்து தவறியது. சென்னியப்பன் அதற்கு அடியில் புகுந்து, இடுப்பைப் பிடித்துத் தூக்கித் தரையில் போட்டான். முதுகுப் பக்கம் ஏறினான். கழுத்து கைக்குள் வந்தது.

அருள்ராஜ் தட்டினான். அதே தொடையில், அதே மாதிரி.

கூட்டம் கத்தியது. ரஃபீக் கத்தினான். மாஸ்டர் மட்டும் கத்தவில்லை. கம்பி வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

சென்னியப்பனுக்கு நடுவர் எங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் பிடி தளர்ந்துவிடும். அருள்ராஜ் இன்னொரு தடவை தட்டினான். விரல் நடுங்குவதுகூடத் தொடையில் தெரிந்தது.

சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டான். விடவில்லை.

தோளில் கை விழுந்தது.

விழுந்த கணமே விட்டான். அருள்ராஜின் தலை தரையில் மோதாமல் தாங்கிப் பிடித்து, பல்காப்பைத் துப்பிவிட்டு, “வலிக்குதுங்களா?” என்று கேட்டான். அருள்ராஜ் இருமிக்கொண்டே இல்லை என்று தலையாட்டினான். அப்புறம், எதற்கென்று தெரியாமல், இவனைக் கட்டிக்கொண்டான்.

நடுவர் சென்னியப்பனின் கையைப் பிடித்து மேலே தூக்கினார். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. ரஃபீக் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளையெல்லாம் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தான்.

சென்னியப்பன் சிரிக்கவில்லை. தன் கையைத் தூக்கிப் பிடித்திருந்த நடுவரின் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வெளியே வந்ததும் மாஸ்டர் அவன் தலைமேல் துண்டைப் போட்டார்.

“என்னண்ணா, ஜெயிச்சுட்டு இப்படி நிக்கறீங்க?”

“அன்னைக்கு ஒண்ணு கேட்டீங்களேங்க. கூண்டுக்குள்ள நான் ஒருத்தன்தான் நல்லவனான்னு.”

“கேட்டேன்.”

“இல்லீங்க, மாஸ்டர். ரெஃப்ரி தோள்ல கை வெச்சாரு பாருங்க, அவரு கையும் நடுங்குச்சு.”