நானூற்றுப் பன்னிரண்டாவது வரிக்குப் பிறகு

"டீச்சர், ஒரு படம் சொல்லுங்க. இன்னைக்கே வேணும்."

குற்றாலிங்கம் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டுவிட்டார். ஒரு கால் வாசலில், ஒரு கால் உள்ளே.

எப்படிப்பட்ட படம் என்று கேட்டார் எஸ்தர் டீச்சர்.

ஜப்பான் படம்தான். புதுசாக இருக்க வேண்டும். மனசுக்கு இதமாக இருக்க வேண்டும். யாரும் சாகக் கூடாது.

குற்றாலிங்கத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாளையங்கோட்டையில் ஒரு வங்கியில் வேலை, ஐம்பது வயசு. ஜப்பான் படங்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு நடத்துகிறார். அதில் எழுநூறு பேர். நானும் ஒருவன். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு டாண் என்று பட்டியல் வந்துவிடும்.

மழையில் டாக்சி ஓட்டும் விதவை. நான்கு நட்சத்திரம், கட்டாயம் பார்க்கவும்.

மூடப்போகும் ரயில் நிலையத்தில் இரண்டு ஊழியர்கள். மூன்றரை, பொறுமை தேவை.

தொலைந்த பூனையைத் தேடி ஊர் ஊராக அலையும் வக்கீல். நான்கரை, குடும்பத்தோடு பார்க்கலாம்.

போன மாதம் மட்டும் நாற்பத்தொரு படம். ஆபீசுக்கும் போய்க்கொண்டு இந்த மனுஷன் எப்போது பார்க்கிறார் என்று எங்களுக்கெல்லாம் ஒரே ஆச்சரியம். அவருக்குக் காலில் சக்கரம் என்பார்கள். எனக்கென்னவோ அது கட்டைவிரலில் இருந்தது என்றுதான் படுகிறது.

எஸ்தர் டீச்சர் அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஒரு ஜப்பான் கம்பெனியில் ஒன்பது வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். ஜப்பானுக்கு வேலைக்குப் போகிற நர்சுகளுக்கு மொழி கற்றுக்கொடுக்கிறார். எங்கள் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் திரையிடும் படங்களுக்குத் தமிழ் வரிகளும் எழுதுவார். திரையின் அடியில் ஓடுமே, அந்த வரிகள்.

குற்றாலிங்கம் அவரைத் தன் குரு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். டீச்சர் அதை ஒத்துக்கொண்டதும் இல்லை, மறுத்ததும் இல்லை.

"யாருக்குப் படம்?" என்று கேட்டார் டீச்சர்.

வேலாயுதத்துக்கு என்றார் குற்றாலிங்கம்.

வேலாயுதம் அவருடைய பக்கத்து மேசைக்காரர். இருபத்திரண்டு வருடமாக ஒன்றாக உட்கார்ந்து மத்தியானச் சோறு சாப்பிடுகிறவர்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் வேலாயுதத்தின் மகள் கோமதி நாலே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். பதின்மூன்று வயது. ஒரே பிள்ளை. அன்றிலிருந்து அந்த வீட்டில் டிவி போட்டதில்லை. புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

போன சனிக்கிழமை வேலாயுதம் தானாக வந்து கேட்டிருக்கிறார்.

"நானும் அவளும் சேர்ந்து உக்காந்து பார்க்க ஒரு படம் சொல்லும்வே."

இரண்டு வருடத்தில் அந்த மனுஷன் யாரிடமாவது கேட்ட முதல் காரியம் அது. குற்றாலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே ஒரு படத்தைப் பென் டிரைவில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார். ஒரு அப்பா தினமும் காலையில் மகளோடு பேசிக்கொண்டே இரண்டு டப்பாவில் சோறு கட்டுவார், அதுதான் கதை, சிரித்துக்கொண்டே பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டார்.

மகளைப் பறிகொடுத்தவனுக்கு அப்பா மகள் படமா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் பிறகு அவரிடம் கேட்டேன். பழைய சந்தோஷத்தை நினைத்துக் கொஞ்சம் சிரிக்கட்டுமே என்று தோன்றியதாம். தோன்றும், தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் படம் பார்த்தார்கள். திங்கள்கிழமை வேலாயுதம் ஆபீசுக்கு வரவில்லை. செவ்வாயும் இல்லை. இன்று புதன். போன் மணி அடிக்கிறது, எடுக்க ஆள் இல்லை.

"வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சிட்டேனோன்னு பயமா இருக்கு டீச்சர்," என்றார் குற்றாலிங்கம். "ஆனா அந்தப் படத்துல ஒண்ணுமே இல்ல. முழுக்க முழுக்க சந்தோஷமான பேச்சுதான். இதைவிட நல்லதா இன்னொண்ணு குடுத்துட்டா சரியாப் போயிரும்."

டீச்சர் எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். அங்கே எட்டு நர்சுகள், "வலிக்கிறதா?" என்பதை ஜப்பான் மொழியில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் அவர்களிடம் தமிழில் சொன்னது இவருக்கும் கேட்டது. வலிக்குதான்னு கேட்டா, கேட்டுட்டு நில்லுங்க. பதில் வர்ற வரைக்கும் அடுத்த வாக்கியத்துக்கு ஓடாதீங்க.

குற்றாலிங்கம் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். கைக்கடிகாரத்தையும் பார்த்தார். இருப்புக் கொள்ளவில்லை.

டீச்சர் திரும்பி வந்து லேப்டாப்பைத் திறந்தார். அந்தப் படத்துக்குத் தமிழ் வரி எழுதியதும் அவர்தான். வரிசையாக எண்கள், எண்ணுக்குப் பக்கத்தில் நேரம், நேரத்துக்குக் கீழே வசனம். ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

நானூற்றுப் பன்னிரண்டாவது வரி. ஐம்பத்தோராவது நிமிடம். "ரெண்டு டப்பாவும் எடுத்தாச்சு. போவமா?"

நானூற்றுப் பதின்மூன்றாவது வரி. ஒரு மணி இரண்டாவது நிமிடம். "நாளைக்கு முட்டை வைக்கிறேன்."

"நடுவுல என்ன?"

"நடுவுல ஒண்ணும் இல்லையே டீச்சர்."

"பதினோரு நிமிஷம் இருக்கு."

அதில் பேச்சே இல்லை என்றார் குற்றாலிங்கம். டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தால் மனுஷனுக்கு எவ்வளவு நேரம்தான் தாங்கும்? உள்ளதைச் சொல்லிவிட்டார்.

அவருடைய கம்ப்யூட்டரிலும் போனிலும் ஒரு பொத்தான் இருக்கிறது. தட்டினால் படம் அடுத்த வரி வருகிற இடத்துக்குத் தாவிவிடும். அவருக்கோ ஜப்பான் மொழி தெரியாது. வரியைப் படித்தால் முடிந்தது வேலை. படித்த உடனே தட்டு, படித்த உடனே தட்டு. இரண்டு மணி நேரப் படம் முக்கால் மணியில் முடிந்துவிடும்.

"கதை ஒண்ணும் விட்டுப்போகாது டீச்சர். பேச்சு பூராவும் படிச்சிருவேன்."

நுனிப்புல் மேய்வதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் வேலிக் கம்பை எண்ணிக்கொண்டே வயலைத் தாண்டியிருக்கிறார். இதை நம்பி எழுநூறு பேர் நாங்கள் படம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டீச்சர் கோபப்படவில்லை. கோபப்பட்டுத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்ததாம் அவருக்கு.

"இந்தப் படம் முழுக்க எழுதி முடிக்க எனக்கு ஒன்பது நாள் ஆச்சு சார்," என்றார் டீச்சர். "அதுல அஞ்சு நாள் இந்தப் பதினோரு நிமிஷத்துக்கு."

"அங்கதான் எழுத ஒண்ணுமே இல்லையே?"

"ஆமா. பார்க்கத்தான் இருந்துச்சு."

லேப்டாப்பை மூடிவிட்டார்.

அந்தப் பதினோரு நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று குற்றாலிங்கம் கேட்டார். கெஞ்சிக்கூடப் பார்த்தார்.

"பார்த்தவர் ஒருத்தர் இருக்கார். அவர்ட்ட போய்க் கேளுங்க."

அப்போ வேறு படம்? அதற்குள் டீச்சர் நர்சுகளிடம் போய்விட்டார். வலிக்கிறதா, வலிக்கிறதா என்று மறுபடியும் அந்த அறையில் சத்தம் கேட்டது.

குற்றாலிங்கம் பேட்டைக்குப் பஸ் ஏறினார். வேலாயுதம் வீடு அங்கேதான். ஜன்னலோர இருக்கை கிடைத்தது. போனில் அதே படம் இருந்தது. போய் நிற்கும் முன்னால் அந்த இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று ஐம்பத்தோராவது நிமிடத்தில் கொண்டுவந்து வைத்தார்.

அப்பா கதவைச் சாத்திவிட்டுத் தெருவில் நடக்கிறார். நடக்கிறார். நடந்துகொண்டே இருக்கிறார்.

கட்டைவிரல் தட்டிவிட்டது. "நாளைக்கு முட்டை வைக்கிறேன்."

பின்னால் போனார். அப்பா கதவைச் சாத்துகிறார். தெருவில் நடக்கிறார். பஸ் ஜங்ஷனில் நின்றது. கண்டக்டர் யாருடனோ சண்டை போட்டார். வேலாயுதம் ஏன் போனை எடுக்கவில்லை என்ற நினைப்பு வந்தது. கட்டைவிரல் மறுபடியும் தட்டிவிட்டது.

மூன்றாவது தடவை தட்டியபோது அவருக்கே அழுகை வந்துவிட்டதாம். போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார்.

வேலாயுதத்தின் மனைவி சண்முகவடிவு கதவைத் திறந்தாள். கண் வீங்கியிருந்தது. உள்ளே போனாள்.

டிவியில் அந்தப் படம் ஓடாமல் நின்றுகொண்டிருந்தது. ஒரு ஆற்றங்கரை, புல், மூடி திறந்த ஒரு டப்பா. டிவிக்குப் பக்கத்தில் இன்னொரு டப்பா. நீல நிறம், மூடியில் பாதி உரிந்த மயில் படம். கோமதி பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனது.

மன்னிச்சிரும்வே என்று சொல்லத்தான் குற்றாலிங்கம் வாயைத் திறந்தார். அதற்குள் வேலாயுதம் எழுந்து வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மூணு நாளா இதையேதான்வே பார்க்கோம்."

மகள் அந்தப் படத்தில் இல்லவே இல்லை என்றார் வேலாயுதம். போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பன் வெறும் வீட்டோடு பேசுகிறான். தினமும் இரண்டு டப்பாவையும் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோகிறான். ஒன்றை அவன் சாப்பிடுகிறான். இன்னொன்றைத் திறந்து எதிரே வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். ஒரு கொக்கு வருகிறது, போகிறது. வெயில் நகர்கிறது. அவன் ஒன்றும் செய்யவில்லை, அழக்கூட இல்லை. கடைசியில் மூடியைப் போட்டு எழுந்து, நாளைக்கு முட்டை வைக்கிறேன் என்கிறான்.

அந்த இடம் முடிந்ததும் சண்முகவடிவு எழுந்து, ஸ்டூல் போட்டு ஏறி, பரணில் கைவிட்டு இந்த டப்பாவை எடுத்திருக்கிறாள். இரண்டு வருடமாக வேலாயுதம் அவளுக்குத் தெரியாமல் வீடு முழுக்கத் தேடிய டப்பா. அவள் அவருக்குத் தெரியாமல் ஒளித்துவைத்திருந்த டப்பா. தனித்தனியாக அழுதது போதும் என்று அன்றைக்குத்தான் சேர்ந்து அழுதார்களாம்.

"எல்லாவனும் மறந்துரு, மறந்துருன்னான்," என்றார் வேலாயுதம். "நீரு ஒருத்தர்தான் எங்களை நினைச்சு இந்த இடத்தை எடுத்துக் குடுத்தீரு. அந்தப் பதினோரு நிமிஷமும் நீரு எப்படிவே உக்காந்து பார்த்தீரு?"

குற்றாலிங்கம் தலையை ஒரு ஆட்டு ஆட்டியிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. நானாக இருந்தால் ஆட்டியிருப்பேன்.

"நான் பார்க்கலவே," என்றார். "தாண்டிப் போயிட்டேன்."

வேலாயுதத்துக்குப் புரியவில்லை. பொத்தானைப் பற்றிச் சொன்னார். நாற்பத்தொரு படத்தைப் பற்றிச் சொன்னார். சற்று முன் பஸ்ஸில் மூன்று தடவை தட்டியதையும் சொன்னார்.

பிடித்திருந்த கைகளை வேலாயுதம் விட்டுவிட்டார். நாற்காலிக்குத் திரும்பிப் போய் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டார்.

குற்றாலிங்கம் வாசலுக்கு வந்து செருப்பில் ஒரு காலை நுழைத்தார். இருபத்திரண்டு வருடம் இத்தோடு முடிந்தது என்றே நினைத்தார்.

உள்ளே டிவியில் படம் முதலிலிருந்து தொடங்குகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார். சண்முகவடிவு ரிமோட்டோடு நின்றுகொண்டிருந்தாள். வேலாயுதத்தின் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி கிடந்தது.

"போனை இங்க குடுத்துட்டு உக்காருங்க அண்ணாச்சி," என்றாள்.