சாட்சி சொல்லி இளைத்த நரி

ஒரு காட்டில், ஓடைக்கரை நாவல் மரத்தடியில் ஞாயிறுதோறும் கூடி ஆண்டவரைத் துதிக்கும் சபை ஒன்று இருந்தது. மிருகங்கள், பறவைகள் எல்லாம் அதில் உண்டு.

அந்தச் சபைக்கு ஒரு நரி வந்தது. "இனித் திருட மாட்டேன். என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றது.

ஓடையில் ஞானஸ்நானம் கொடுத்து, தீத்து என்று பெயர் வைத்தார்கள். முயல் வரவேற்புப் பாட்டுப் பாடியது.

மயில்தான் சபையின் மூப்பர். எதையும் நாலு பேர் பார்க்கச் செய்வதில் அதற்குக் கொள்ளை ஆசை. "சகோதரரே, எழுந்து சாட்சி சொல்லுங்கள்!" என்று தோகையை விரித்தது.

நரி கூச்சத்தோடு எழுந்தது. மனம் திரும்புவதற்கு முன் கூண்டை எப்படித் திறந்தது, கோழியின் கழுத்தை எப்படிக் கவ்வியது என்று சொன்னது. "ஸ்தோத்திரம்!" என்று சபையே கண்ணீர் விட்டது.

மறு வாரமும் சாட்சி. அதற்கடுத்த வாரம் அக்கரைச் சபையிலிருந்து விருந்தாளிகள் வந்தார்கள். மறுபடியும் சாட்சி.

"அந்தக் கழுத்தைக் கவ்வின இடம் இருக்கிறதே, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்" என்றது மயில்.

கடைசி வரிசையில் ஒரு காட்டுக்கோழி உட்கார்ந்திருந்தது. எதற்கெடுத்தாலும் பதறும் சுபாவம் அதற்கு. முதலில் அது தன் கழுத்தை நினைத்துப் பயந்தது. போகப் போக, நரியின் விலா எலும்பைப் பார்த்துப் பயந்தது.

"மூப்பரே, தீத்து துரும்பாய் இளைத்துவிட்டானே. என்னதான் சாப்பிடுகிறான்?"

"ஆத்துமா கொழுக்கிறது, கோழியம்மா. உடம்பு இளைத்தால் என்ன?"

கோழி முயலிடம் ஓடியது. முயல் காதைச் சொறிந்தது. "நான் வரவேற்புக் குழு, அக்கா. பாட்டோடு என் வேலை முடிந்தது."

ஆமையிடம் ஓடியது. "ஜெபித்துக்கொள்வோம்" என்று ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

ஒரு ஞாயிறு நரி வரவில்லை. சாட்சி கேட்க வந்த விருந்தாளிகள் காத்திருந்து பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். மயிலுக்கு ஒரே கோபம். "பின்வாங்கிப் போய்விட்டான்! இந்த நரிகளே இப்படித்தான்!"

கோழிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கொஞ்ச தூரம் போகும், திரும்பும். மறுபடியும் போகும். "இத்தனை பேர் இருக்கிறார்களே, போயும் போயும் ஒரு கோழியா நரியைத் தேடிப் போக வேண்டும்?" என்று புலம்பிக்கொண்டே நரி வளைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

வளை வாசலில் நரி சுருண்டு கிடந்தது.

"கிட்டே வராதீர்கள், அக்கா! பொழுது சாய்ந்ததும் என் பழைய கூட்டம் மலையிலிருந்து கூப்பிடும். நான் போய்விடுவேன்."

"ஏனப்பா?"

"வாரா வாரம் கோழியைத் தின்ற கதையையே சொல்லச் சொன்னார்கள். வெறும் வயிற்றோடு அதைச் சொல்லிச் சொல்லி, நாக்கெல்லாம் அந்த ருசிதான் நிற்கிறது. திருடாமல் என்ன தின்பது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் வெட்கமாக இருந்தது."

கோழி இரண்டடி பின்னால் போனது. ஆனாலும், "எழுந்திரு, தீத்து. பசியோடு ஒரு முடிவும் எடுக்காதே" என்றது.

ஞானஸ்நானத்துக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அதை நேரில் கூப்பிட்டதில்லை. நரி எழுந்து பின்னாலேயே நடந்தது.

ஒரு கரையான் புற்றின் முன்னால் கோழி நின்றது. "தோண்டு. என் காலுக்கு இது இடியாது."

"கரையானா? சீ!"

"தின்றுவிட்டுச் சீ சொல்லு."

நரி தோண்டியது. கரையான்கள் பொலபொலவென்று கொட்டின. இரண்டும் தலையோடு தலை முட்டத் தின்றன. கோழியின் ஒரு கண் கரையான் மேல், மறு கண் நரியின் பல் மேல்.

"நாளைக்கு ஓடையில் நண்டு பிடிக்கலாம். இலந்தை எங்கே உதிர்கிறது என்றும் காட்டுகிறேன். தினமும் வந்து நச்சரிப்பேன், சொல்லிவிட்டேன்" என்றது கோழி.

பொழுது சாய்ந்தது. மலையில் ஊளைச் சத்தம் கிளம்பியது. நரியின் காதுகள் விறைத்து நின்றன. கோழி கொத்துவதை நிறுத்தியது.

"கூப்பிடுகிறார்களே..." என்றது கோழி மெல்ல.

பதிலுக்கு ஊளையிட நரி தலையை நிமிர்த்தியது. வாய் நிறையக் கரையான். மென்றது, விழுங்கியது, மறுபடியும் புற்றுக்குள் மூக்கை விட்டது.

நீதி: புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரை மேடையில் நிறுத்தினால் போதாது, பக்கத்தில் உட்கார்ந்து பசியாற்ற வேண்டும்.